வாய்வார்த்தையாகச் சொன்ன ‘இல்லை’யோடு வீடு திரும்பாதீர்கள்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகனுக்கு ஏழு வயது. தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மூன்றரை வயதுவரை பேச்சு வரவில்லை. வந்த பிறகும் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறான். பஸ் ரூட் நம்பர்களை வரிசை மாறாமல் ஒப்பிப்பான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். பக்கத்து நகரத்து சைக்காலஜிஸ்ட் ஒருவர் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். ‘ஐசா’ அளவுகோலில் 98 மதிப்பெண், ‘லேசானது’ என்ற குறிப்பு. பள்ளியிலோ, "கவர்ன்மென்ட் சர்டிபிகேட் கொண்டுவாங்க, இல்லன்னா வருஷக் கடைசியில டிசி வாங்கிக்கோங்க" என்கிறார்கள்.

அதனால் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் நடந்த மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாமுக்குப் போயிருக்கிறார்கள். காலை ஏழரைக்கு டோக்கன். உள்ளே கூப்பிட்டது மதியம் ஒன்றே முக்காலுக்கு. அத்தனை நேரமும் பையனைச் சமாளிக்கக் கையில் செல்போன். பெயர் கேட்டார்கள், சொன்னான். இருபது வரை எண்ணச் சொன்னார்கள், ஐம்பது வரை எண்ணினான். பக்கத்து அறையில் ஒரு ஐ.க்யூ டெஸ்ட், 84 வந்தது. "நல்லாத்தானே இருக்கான், இவனுக்கு எதுக்கும்மா சர்டிபிகேட்?" என்று ஓபி சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர்கள் பார்த்தது ஆறு நிமிடம் என்கிறார் தாய்.

ஒரு மாதிரி மனுவும் கேட்டிருக்கிறார். அவருடைய கேள்விகள்: போர்டு, அதாவது சான்றளிக்கும் டாக்டர் குழு, ஒருமுறை இல்லை என்றால் அவ்வளவுதானா? கணவரின் நண்பர் ஒரு புரோக்கரைச் சொல்கிறார், 20,000 ரூபாய்க்கு 60 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கித் தருவாராம், போகலாமா? சென்னைக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு (கமிஷனருக்கு) எழுதினால் சான்றிதழ் கிடைக்குமா? மாமியார், "புள்ளைக்கு முத்திரை குத்திடாதே" என்கிறார். அவர் சொல்வது சரியா? இந்தப் போர்டுகளைத் தட்டிக்கேட்க மேலே யாருமே இல்லையா? கடைசி வரி இது: "அன்னைக்குச் செல்போன் கொடுக்காம இருந்திருந்தா அவன் எப்படி இருப்பான்னு பாத்திருப்பாங்க. தப்பு என்னோடதுதானா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். தப்பு உங்களுடையது இல்லை. ஆறு மணி நேரம் ஒரு நீளமான வராந்தாவில், ஃபேன் சத்தத்திலும் அழுகைச் சத்தத்திலும், சத்தத்துக்கு அஞ்சும் ஒரு குழந்தையை உட்கார வைக்க எந்தத் தாயும் கையில் கிடைத்ததைத்தான் கொடுப்பாள். அதற்குப் பிறகு ஆறு நிமிடம் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று முடிவுகட்டியதுதான் தப்பு. தம்பி அன்று அமைதியாக இருந்தான் என்றால் நீங்கள் அவனை அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம். அதையே அவனுக்கு எதிராக எழுதக் கூடாது. எழுதவும் இல்லை பாருங்கள், எதையுமே எழுதவில்லை. உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிதாகப்படுவது அதுதான்.

விண்ணப்ப எண் எங்கே?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். டோக்கன் இருக்கிறது, ஓபி சீட்டு இருக்கிறது, ஐ.க்யூ மதிப்பெண் இருக்கிறது. விண்ணப்ப எண் மட்டும் எங்கும் இல்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழை யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இணையதளத்தின் வழியாகத்தான் வழங்க வேண்டும் என்பது 2021 ஜூன் 1 முதல் நாடு முழுவதற்கும் பொருந்தும் நடைமுறை. அதில் பதிவு செய்யாமல் நேராக முகாமுக்குப் போயிருந்தால், போர்டு உங்களை நிராகரித்தது என்று சொல்லக்கூட காகிதம் இல்லை. அரசின் பதிவேட்டைப் பொறுத்தவரை அன்று உங்கள் மகன் அந்த அறைக்குள் வரவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குழந்தைக்காக ஆர்டிஐ மனு போட்டேன். அந்த ஆண்டு நிராகரிக்கப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், காரணம் என்ன என்று கேட்டிருந்தேன். ‘நிராகரிப்பு ஏதும் இல்லை’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதே ஆண்டில் அதே இடத்திலிருந்து வெறுங்கையோடு வந்த இரண்டு பெற்றோர் என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. வாயால் சொன்ன ‘இல்லை’ எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, அவ்வளவுதான். மேலே இருந்து கண்காணிக்கும் அதிகாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிவது காகிதம் மட்டுமே. நீங்கள் கேட்ட ‘தட்டிக்கேட்க ஆளே இல்லையா’ என்ற கேள்விக்கான பதிலில் பாதி இதில் இருக்கிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 58ஆம் பிரிவு, சான்றளிக்கும் அதிகாரிக்கு இரண்டே வழிகளைத்தான் தருகிறது. ஒன்று, சான்றிதழ் தர வேண்டும். அல்லது, சட்டம் குறிப்பிடும் குறைபாடு எதுவும் இல்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விதிகளின்படி மறுப்புக்குக் காரணமும் சொல்ல வேண்டும். ‘போய்ட்டு வாங்கம்மா’ என்று மூன்றாவது வழி ஒன்று கிடையாது.

எவ்வளவு நாளில் என்று கேட்பீர்கள். 2017 விதிகளில் ஒரு மாதம் என்று இருந்தது. பெற்றோர் பலர் இன்னமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தி மூன்று மாதமாக்கிவிட்டார்கள். அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது: இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவாகாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும், மறுபடி போட வேண்டும். அதனால் ‘எப்போதாவது கூப்பிடுவார்கள்’ என்று காத்திருப்பது உங்களுக்கு ஆபத்து.

ஆக, போர்டு இல்லை என்றால் அவ்வளவுதானா? கிடையாது. உங்கள் விஷயத்தில் இன்னும் ஆரம்பமே ஆகவில்லை. இ-சேவை மையத்திலோ வீட்டிலிருந்தோ யுடிஐடி தளத்தில் பதிவு செய்யுங்கள். குறைபாட்டு வகையில் ‘ஆட்டிசம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர் அவசரத்தில் ‘அறிவுசார் குறைபாடு’ என்பதைத் தட்டிவிடுவது உண்டு. பக்கத்திலேயே நின்று பாருங்கள். இருப்பிடச் சான்றில் உள்ள மாவட்டத்தில் விண்ணப்பிக்கலாம். குழந்தை இந்தக் குறைபாட்டுக்காகச் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம் என்று 2017 விதி இடம் கொடுத்தது. எந்த மாவட்டத்தில் கொடுத்தாலும் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும்.

தராசு மாறிப்போனது

இப்போது அந்த 84-க்கு வருகிறேன். ஐ.க்யூ டெஸ்ட் அளப்பது அறிவுத்திறனை. ஆட்டிசம் வேறு விஷயம். 2016 சட்டத்தின் அட்டவணையில் மொத்தம் 21 குறைபாடுகள் இருக்கின்றன. முந்தைய 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தன, அவற்றில் ஆட்டிசம் இல்லை. புதிய அட்டவணையில் அறிவுசார் குறைபாடு ஒரு வரி, ஆட்டிசம் தனி வரி. ஒவ்வொன்றையும் எப்படி அளக்க வேண்டும் என்று 56ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிடுகிறது. 2018 ஜனவரியில் வந்தது, 2024 மார்ச்சில் புதுப்பித்தார்கள்.

ஆட்டிசத்துக்கு 2018 வழிகாட்டுதல் சொன்ன கருவி, உங்கள் சைக்காலஜிஸ்ட் பயன்படுத்திய அதே ஐசாதான். செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனத்தில் நம் நாட்டுக் குழந்தைகளுக்காகவே உருவானது. சமூக உறவு, உணர்ச்சி வெளிப்பாடு, பேச்சு, நடத்தை, புலன் சார்ந்தவை, அறிதல் என்று ஆறு பகுதிகளில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மிகக் குறைவு 40, மிக அதிகம் 200. குழந்தையைக் கவனித்தும் பெற்றோரிடம் கேட்டும் நிரப்ப வேண்டும். நன்றாகக் கவனியுங்கள், பெற்றோரிடம் கேட்டு. உங்களிடம் அன்று யாராவது கட்டிலுக்கு அடியில் அவன் போவதைப் பற்றிக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் ஐசா போடவில்லை என்று பொருள். ஆட்டிசத்தை அளக்காமலேயே ஆட்டிசம் இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சலா என்று கேட்டு வந்தவரை எடை மெஷினில் ஏற்றிவிட்டு ‘எடை சரியா இருக்கு, போங்க’ என்று சொல்வதைப் போன்றது இது.

இங்கே உங்கள் மனதில் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். ‘லேசானது என்று எழுதியிருக்கிறார்களே, அதனால்தான் கிடைக்காது போல’ என்று எழுதியிருந்தீர்கள். ஐசாவில் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 தொட்டாலே 40 சதவீதக் குறைபாடு, பல உரிமைகள் தொடங்கும் வரம்பு அதுதான். 70 முதல் 106 வரை ‘லேசானது’ என்ற பெயரில் வருகிறது. உங்கள் மகனுக்கு வந்திருக்கும் 98, அந்த எண் நிற்குமானால், 40 சதவீத வரம்பைத் தாண்டியது. ‘லேசானது’ என்பது அளவுகோலில் ஒரு பெயர், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அது லேசாக இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதே சமயம், தனியார் அறிக்கையை நீட்டி ‘இதில் 98 இருக்கு, அப்படியே போடுங்க’ என்று போர்டிடம் கேட்க முடியாது. சான்றளிக்கும் அதிகாரம் 57ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு நியமித்தவர்களுக்கு மட்டும்தான். அவர்கள் சுயமாக மதிப்பிடுவார்கள். 98 வரலாம், 85 வரலாம், 110-ம் வரலாம். தனியார் அறிக்கை உங்கள் கையில் இருக்கும் சான்று. அதைச் சான்றிதழ் என்று நினைத்துவிடாதீர்கள். அதை மனுவோடு இணைத்துக் கொடுத்தால், அதை ஏன் ஏற்கவில்லை என்று கேட்கும் இடம் பின்னால் உங்களுக்குக் கிடைக்கும்.

போர்டு நாளுக்கு நான் சொல்லும் சில நடைமுறை விஷயங்கள். வீட்டில் அவன் இயல்பாக இருக்கும்போது மூன்று நான்கு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். வகுப்பு ஆசிரியையிடம் அவர் கண்ணால் பார்த்ததை ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். தெரபி போகிறான் என்றால் அந்த நோட்டு. முக்கியமாக, ‘என் மகன் கூட்டத்திலும் சத்தத்திலும் நிலைகுலைந்துவிடுவான், முகாம் இல்லாத நாளில் காலையில் முதல் ஆளாகப் பார்க்கக் கோருகிறேன்’ என்று மனுவிலேயே கேளுங்கள். இதைச் சலுகை என்று நினைத்துத் தயங்க வேண்டாம். ஊனமுள்ள ஒருவருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்துதர வேண்டும் என்று 3ஆம் பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிறது. சில மாவட்டங்களில் தலைமை மருத்துவமனை வளாகத்திலேயே தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் வந்தவை அவை. அங்கே முதலில் பதிவு செய்து சில தடவை போய்வந்தால், போர்டில் உட்காருபவர்களுக்குப் பையனைத் தெரிந்த ஒருவரின் குறிப்பு கையில் இருக்கும். என் அனுபவத்தில் இதைப்போல உதவுவது வேறில்லை.

40-க்குக் கீழே வந்தால்?

இலவசக் கல்வி உரிமை, பல நலத்திட்டங்கள், வருமான வரிக் கழிவு எல்லாம் 40 சதவீதத்தில் தொடங்குகின்றன. 31ஆம் பிரிவின்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள குழந்தை 6 வயது முதல் 18 வயது வரை அருகில் உள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கான நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

ஆனால் 40-க்குக் கீழே வந்துவிட்டால் உரிமையே இல்லை என்பது தவறு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மொழி விலக்கு போன்றவற்றைச் சொல்லும் 17ஆம் பிரிவு ‘மாற்றுத்திறன் மாணவர்கள்’ என்றுதான் பேசுகிறது, சதவீதம் பேசவில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் கேட்டார். 40 சதவீதச் சான்று இல்லை என்று மறுத்தார்கள். நியாயமான வசதி பெறும் உரிமையை 40 என்ற எண்ணுக்குள் அடைக்க முடியாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், போர்டு சதவீதத்தை மட்டும் எந்திரம்போல் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. அது மருத்துவப் படிப்புச் சேர்க்கை வழக்கு, உங்கள் சூழல் வேறு. இருந்தாலும் காரணம் எழுத வேண்டும் என்ற வாதத்துக்கு அதை நான் தயங்காமல் எடுத்துவைப்பேன்.

பள்ளிக்கூடம் சொல்வது

சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுபான்மை நிறுவனம் அல்லாத பள்ளி என்றால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்ற முடியாது, சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். டிசி கேட்டு நீங்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோர் கேட்டதால் கொடுத்தோம் என்று பதிவு செய்துகொள்வார்கள். வாயால் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், அவர்களைப் போய்ப் பார்ப்பதும் நல்லது.

மேலே யார் பார்க்கிறார்கள்?

நீங்கள் கோபத்தோடு கேட்ட கேள்வி. கோபம் நியாயம்தான். ஆனால் ஆள் இல்லாமல் இல்லை. அளவுகோலை வகுப்பது மத்திய அரசு. யார் அளக்கலாம் என்று நியமிப்பது மாநில அரசு. டாக்டர்கள் சுகாதாரத் துறை, முகாமை ஏற்பாடு செய்வதும் அட்டையைக் கொடுப்பதும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. இரண்டு துறைக்கும் நடுவில்தான் பெற்றோர் அலைகிறார்கள். இங்கே கேட்டால் ‘டாக்டரைக் கேளுங்க’, அங்கே கேட்டால் ‘ஆபீஸைக் கேளுங்க’. அதனால் எந்த மனுவையும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், மருத்துவமனைத் தலைவர்.

எழுத்தில் மறுப்போ, குறைவான சதவீதமோ வந்தால் 59ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு உண்டு. மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம், மாநில விதி சொல்லும் காலத்துக்குள் போட வேண்டும். மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த அன்றே, யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று நல அலுவலரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். தேதி தவறினால் நல்ல வழக்கும் வீணாகிவிடும்.

மாநில ஆணையரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் சான்றிதழ் தரமாட்டார், சதவீதத்தையும் மாற்றமாட்டார். அது அவர் வேலையில்லை. ஆனால் ஒரு மாற்றுத்திறனாளியின் உரிமை மறுக்கப்பட்டால் விசாரிக்கும் பொறுப்பு 80ஆம் பிரிவின்படி அவருக்கு உண்டு, புகாரே வராவிட்டாலும் தாமாக எடுக்கலாம். ஆட்களை வரவழைக்க, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்ல, சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் 82ஆம் பிரிவில் இருக்கிறது. அவர் ஒரு பரிந்துரை அனுப்பினால், சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஆகவே அவரிடம் ‘என் மகனுக்குச் சான்றிதழ் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘ஆட்டிசத்துக்கு உரிய கருவியால் மதிப்பிடவில்லை, எழுத்தில் மறுப்புத் தரவில்லை, உரிய முறையில் மறுமதிப்பீடு செய்ய உத்தரவிடுங்கள்’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும்போது உங்கள் ஒரு பிள்ளையோடு அது நிற்காது. அந்த மருத்துவமனையில் ஐசா போடப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்று பல வருடங்களாக ஆசைப்படுகிறேன்.

திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும். மருத்துவமனைப் பதிவேட்டில் உங்கள் மகனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, எந்த டெஸ்ட் செய்தார்கள் என்று ஆர்டிஐயிலும் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். எல்லாம் அடைபட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பெண் என்ற முறையிலேயே, வருமானம் பார்க்காமல், உங்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் கோர்ட் வளாகத்தில் இருக்கும், உதவி எண் 15100. ஆனால் ரிட்டில் நீதிபதி சதவீதம் போடமாட்டார். பெரும்பாலும் மறுமதிப்பீட்டுக்குத்தான் உத்தரவிடுவார். முதலிலேயே அங்கே ஓட வேண்டாம்.

புரோக்கர்

வேண்டவே வேண்டாம். ஏமாற்றிச் சலுகை பெறுவதற்கு 91ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது கையெழுத்துப் போட்ட நீங்கள், புரோக்கர் இல்லை. அதைவிட எனக்கு வலிப்பது வேறு. உங்கள் மகனுக்கு உண்மையிலேயே இருக்கும் ஒன்றுக்குப் பொய்யான காகிதம் வாங்கினால், நாளைக்கு அதைப் புதுப்பிக்கப் போகும்போதோ பத்தாம் வகுப்புத் தேர்வில் சரிபார்க்கும்போதோ பிடிபட்டால், உண்மையான ஆட்டிசமும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். அதிக சதவீதம் வாங்க அலையாதீர்கள். சரியான சதவீதத்தைக் கேளுங்கள். யாராவது உள்ளே இருப்பவர் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

மாமியார் சொன்னது

அவர் பயம் அன்பிலிருந்து வருகிறது, அவரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். சான்றிதழ் ஊருக்குத் தண்டோரா போடும் விஷயம் கிடையாது, பீரோவில் இருக்கும் ஒரு காகிதம். எங்கே காட்டுவது என்று நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கான தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், முடியும் தேதி அதிலேயே இருக்கும். வளர்ந்த பிறகு வேண்டாம் என்று அவனே முடிவு செய்தால், புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். மாமியாரையும் ஒருநாள் தெரபிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேரன் ஒரு மணி நேரம் எதற்குப் போராடுகிறான் என்று பார்த்தால் அவரே அடுத்த முறை மனு எழுதச் சொல்வார்.

கடைசியாக, நீங்கள் கேட்டபடி ஒரு மனு. அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளலாம். யுடிஐடி பதிவை முதலில் முடித்துவிட்டு அந்த எண்ணைப் போடுங்கள்.

‘பெறுநர்: மருத்துவமனைத் தலைவர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். என் மகன், வயது 7, விண்ணப்ப எண் இது. சென்ற மாதம் இந்தத் தேதியில் முகாமில் பார்க்கப்பட்டான். ஐ.க்யூ பரிசோதனை மட்டுமே செய்யப்பட்டது. ஆட்டிசத்துக்கு அரசு வழிகாட்டுதல் கூறும் கருவியால் மதிப்பிடப்படவில்லை. எழுத்தில் எந்த முடிவும் தரப்படவில்லை. 2016 சட்டம் 58ஆம் பிரிவின்படி அவனை ஆட்டிசம் வகையில் மதிப்பிட்டு, சான்றிதழோ அல்லது காரணத்துடன் எழுத்துபூர்வ மறுப்போ தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சத்தத்தையும் கூட்டத்தையும் அவனால் தாங்க முடியாது. முகாம் அல்லாத நாளில் முதல் ஆளாகப் பார்க்க வேண்டுகிறேன். இணைப்பு: உளவியல் அறிக்கை, ஆசிரியை கடிதம், ஓபி சீட்டு நகல்.’

இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். உங்கள் நகலில் சீலும் தேதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ‘சீல் உள்ளே இருக்கு, நாளைக்கு வாங்க’ என்பார்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்காருங்கள். தம்பியை அன்று கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.